மலை வீதிக்கு எத்தனை அங்குல வீல்?

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. டொயோட்டா 86, மஸ்டா ரோட்ஸ்டர், சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று தேடிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் குறைவில்லை. கார் கைக்கு வந்த கையோடு இரண்டு கேள்விகளும் வந்துவிடும்: பெரிய வீல் போடலாமா, காரைக் கொஞ்சம் இறக்கலாமா? கொழும்பின் சமதள வீதிக்கு என்ன பதிலும் சொல்லலாம். நம் வீதிக்கு என் பதில் ஒன்றுதான். பிரேக் கெலிப்பரில் தட்டாத ஆகச் சிறிய வீல், அதில் உயரமான டயர், நல்ல ஷொக் அப்சோபர், கம்பனி கொடுத்த உயரம். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் வீதியை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நீங்கள் வாராவாரம் போகும் வழியில் ஒருமுறை போய்வாருங்கள். அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேன வழியாக ஹட்டனுக்கு ஏறி, தலவாக்கலை தாண்டி நுவரெலியா போகும் ஏ7 வீதியில் பெரும்பாலான இடங்களில் தார் நன்றாகவே இருக்கிறது. ஆபத்து தாரின் ஓரத்தில். வளைவில் எதிரே பஸ் வந்தால் இடது பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கியே ஆகவேண்டும். மழை மண்ணை அரித்த இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு படி இருக்கும். பஸ் போனபின் அந்தப் படியில் சக்கரம் சாய்வாக ஏறும்போதுதான், டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் தாரின் விளிம்புக்கும் இடையில் நசுங்கும். டயர் வெடிப்பதும் ரிம் நெளிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பினால் கதையே வேறு. குறுக்குக் காண், பாதி பெயர்ந்த தார், கொங்கிரீட் துண்டு முடியும் இடத்தில் ஒரு பள்ளம். இவற்றில் ஆக மோசமான இரண்டு மூன்று இடங்களில் இறங்கி, படியின் உயரத்தையும் மேட்டின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை டொயோட்டா 86இன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே கம்பனிக் கணக்கில் 130 மில்லிமீற்றர்தான். நீங்கள் எழுதி வந்த எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், காரை இறக்கலாமா என்ற கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வீல் அளவு

டயரில் 205/55 ஆர்16 என்று இருந்தால் 205 அதன் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 86க்கு ஜப்பானில் அடிப்படைத் தரத்தில் 205/55 ஆர்16, மேல்தரத்தில் 215/45 ஆர்17 வந்தன. பின்னால் வந்த ஜிஆர் 86இன் மேல்தரத்தில் 215/40 ஆர்18. மூன்றின் மொத்த விட்டமும் 625க்கும் 632க்கும் இடையில் இருப்பதால் வேகமானி கலங்காது. பக்கச்சுவரின் உயரம் மட்டும் 113, 97, 86 மில்லிமீற்றர் என்று இறங்கிக்கொண்டே போகிறது. 16க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் மேல். தாரின் விளிம்பிலிருந்து ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ஓர் அங்குல ரப்பரும் காற்றும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அதே அளவு குறையும். கொண்டை ஊசி வளைவை விட்டு இரண்டாம் கியரில் ஏறும்போது பாரமான 18 அங்குல வீலைச் சுழற்றவும் அதே எஞ்சின்தான் உழைக்கவேண்டும். இறங்கும்போது அந்தப் பாரத்தை நிறுத்தும் வேலை பிரேக்குக்கு.

1.5 லீற்றர் மஸ்டா ரோட்ஸ்டரில் கம்பனியே 195/50 ஆர்16 போட்டுத்தான் தருகிறது, அதை மாற்றவேண்டாம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் வருவது 195/45 ஆர்17. கெலிப்பரில் தட்டாத 16 அங்குல ரிம் கிடைத்தால் 195/50 ஆர்16 போடலாம், விட்டம் 1 வீதமே குறையும். பெரிய பிரேக் பூட்டிய காருக்கு 16 போகாது என்றால் 17 எடுங்கள். அதற்கு மேல் இந்த மலையில் எந்தக் காருக்கும் நான் சொல்லமாட்டேன்.

ரிம் வாங்கும்போது டயர் மாட்டுமுன் வெறும் ரிம்மைக் காரில் பூட்டிப் பார்க்கக் கேளுங்கள். நட்டுகளை இறுக்கி, கையால் சுழற்றி, ரிம்மின் உட்பக்கத்துக்கும் கெலிப்பருக்கும் இடையில் சுற்றிலும் 3 மில்லிமீற்றராவது இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் வட்டம் 86க்கு 5×100, ரோட்ஸ்டருக்கு 4×100. நடுத்துளை 86க்கு 56.1, ரோட்ஸ்டருக்கு 54.1 மில்லிமீற்றர். துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட்டே பூட்டவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். ஒஃப்செட்டைக் கம்பனி எண்ணுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பெயரிங்குக்கும் கேடு, முழு ஒடிப்பில் மட்கார்டிலும் உரசும். ஸ்போக்கின் பின்புறம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பான் முத்திரைகளைத் தேடுங்கள். முத்திரை இல்லாத நகல் ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

டயரில் மழைப்பிடிப்பையே முதலில் பாருங்கள். வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் துகள் உறைபனியே விழுகிறது. பந்தயத்துக்கென்று வரும் செமி ஸ்லிக் டயரின் ரப்பர் அந்தக் குளிரில் இறுகிவிடும்; ஈரத்தில் பிடிக்காது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் திகதியையும் வாசியுங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஐந்து வருடம் தாண்டியதை விலை குறைவென்று வாங்கவேண்டாம்.

சஸ்பென்ஷன்

ரீகண்டிஷன் காரில் புதிதாக எதையும் பூட்டுமுன் இருப்பதைச் சோதியுங்கள். ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிவு, வெடித்த புஷ், சத்தமிடும் மேல்மவுண்ட்: இவற்றை மாற்றினாலே கார் பாதி புதிதாகிவிடும். அதன் பிறகும் போதாது என்றால், கம்பனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு ஷொக்கை மட்டும் உயர்ந்த தரத்துக்கு மாற்றுங்கள். பில்ஸ்டைன் பி6 கம்பனி உயரத்துக்கென்றே செய்தது. பி8 இறக்கிய காருக்கு. நமக்கு வேண்டியது முதலாவது.

இறக்கும் ஸ்பிரிங் இந்த வீதிக்கு ஆகாது. 30 மில்லிமீற்றர் இறக்கினால், சக்கரம் மேலே போக இருந்த இடம் அதே அளவு குறைகிறது. தோட்டப் பாதைக் குழியில் ஷொக் அடிதட்டும், அந்த நொடியில் டயரின் பிடி விடும். முன்பக்கம் ஸ்ட்ரட் உள்ள 86 போன்ற கார்களில் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்து, வளைவில் கார் இன்னும் சாயப் பார்க்கும். பார்வைக்குத் தாழ்வாக இருப்பதால் நன்றாகத் திரும்பும் என்ற நம்பிக்கை இங்கேதான் ஏமாற்றுகிறது.

ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாக வரும் கோயில்ஓவர் போட்டே ஆகவேண்டும் என்றால், ஸ்பிரிங்கைத் தொடாமல் ஷொக்கின் அடிப்பாகத்தைத் திருகி உயரம் மாற்றும் வகையை எடுங்கள். அதில்தான் ஷொக்கின் ஓட்டம் குறையாமல் உயரத்தை மாற்றலாம். ஜப்பான் செட்களில் ஸ்பிரிங்கின் பலம் ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். 4, 5 போதும். 7, 8 இங்கே வேண்டாம். திருகு மரைகளில் கிறீஸ் பூசி உறை போடுங்கள், ஒரு மழைக்காலச் சேறு போதும் அவை இறுகிப்போக.

நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்தில் மாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்தவர்கள், அந்தக் கார்கள் இறுக்கமாகவும் தாழ்வாகவும்தானே இருக்கின்றன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே வீதி மூடப்பட்டிருக்கும், ஒரு நேரத்தில் ஒரு கார், மேல்நோக்கி மட்டும், சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். எதிரே பஸ் வராது, சக்கரம் மண்ணில் இறங்க வேண்டியதில்லை. பந்தயம் முடிந்து வீட்டுக்கும் அதே காரில் போகவேண்டிய உங்களுக்கு அந்த அமைப்புப் பொருந்தாது.

பூட்டிய பிறகு

வேலைக்கு முன்னும் பின்னும், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் 5 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் கராஜை விட்டுக் காரை எடுக்கவேண்டாம்.

ஷொக்கில் இறுக்கத்தை மாற்றும் கிளிக் இருந்தால் ஆக இளகிய நிலையில் தொடங்கி, பழக்கமான ஒரே வளைவில், ஒரே வேகத்தில், இரண்டு இரண்டு கிளிக்காக இறுக்கிப் பாருங்கள். மேடு தாண்டியபின் உடம்பு இரண்டு தரம் ஆடினால் இன்னும் இறுக்கவேண்டும். நொறுங்கிய தாரில் சக்கரம் துள்ளித் துள்ளிப் போனால் இறுக்கம் கூடிவிட்டது. காய்ந்த வீதியில் சரியாக இருப்பதை மழையில் இரண்டு கிளிக் இளக்க வேண்டியிருக்கும்.

வீல் அலைன்மென்ட் உடனே ஒருமுறை, 500 கிலோமீற்றர் ஓடியபின் மறுமுறை. வீல் நட்டுகளை 100 கிலோமீற்றரில் டோர்க் ரென்ச்சால் மறுபடி இறுக்குங்கள். கம்பனி அளவுக்கு வெளியே எதை மாற்றினாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள்.

காற்றழுத்தத்தில் பலர் குழம்புகிறார்கள். கொழும்பில் 32 பிஎஸ்ஐ அடித்து மேலே வந்தால், குளிர் இரண்டு பிஎஸ்ஐ அளவு குறைக்கும். வெளிக்காற்று மெலிவதால் மானி மூன்று அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடும். ஆகவே ஏறி வந்த சூட்டில் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். மறுநாள் காலை, கார் ஓடுமுன் பாருங்கள்.

இப்போதைய ரோட்ஸ்டரில் ஸ்பெயர் வீல் கிடையாது, பசை நிரப்பும் பெட்டி மட்டுமே. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. இரவில் ரம்பொடையிலோ நோர்வூட்டிலோ திறந்த டயர் கடையும் இராது. பழைய வீல் ஒன்றை டயரோடு, காற்று அடித்து வீட்டில் வையுங்கள். ஃபோன் பண்ணினால் யாராவது ஆட்டோவில் கொண்டுவந்து தருவார்கள். ஜேக்கும் வீல் ஸ்பேனரும் காரிலேயே இருக்கட்டும்.