பள்ளியில் துன்புற்ற பிள்ளை வழக்காடலாமா?



ஆசிரியர் என்னும் சொல்லோடு நம் திருத்தணிக்குத் தனி உறவு உண்டு. 1888 செப்டம்பர் 5-ந் தேதி இவ்வூரிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1962-ல் குடியரசுத் தலைவரானார். அவ்வருஷம் முதல் அவருடைய பிறந்த நாளே தேசமெங்கும் ஆசிரியர் தினம். ஆகவே ஆசிரியரை மதிக்க நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மதிப்பது வேறு, வாய்மூடி இருப்பது வேறு. பள்ளியிலே அடிபட்டோ அவமானப்பட்டோ பிள்ளை வீடு வந்தால், “நீ என்ன தப்புச் செய்தாய்?” என்றுதான் முதலிற் கேட்கிறோம். “உனக்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்பவர் சிலரே. அந்தப் பிள்ளைக்குச் சட்டத்திலே இடமுண்டா? பள்ளி ஊழியர்மேல் அது வழக்குத் தொடுக்கலாமா? இதுவே இவ்வாரப் பாடம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம்: தொடுக்கலாம். எதற்கு, யார் மூலமாக, எப்படி என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. நாம் கொடுத்த சம்மதம்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பது பழமொழி. “தோலை உரித்தாலும் சரி, கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா” என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்த தகப்பன்மார் அநேகர். இது வாய்ப்பேச்சுத்தானே என்று எண்ண வேண்டாம். சட்டத்தில் இதற்குச் சம்மதம் என்று பெயர். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, அதன் காப்பாளரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்துடன் செய்த காரியம் குற்றமாகாது என்று 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-வது பிரிவு சொல்லிற்று. மாணவனைப் பிரம்பால் அடித்த தலைமை ஆசிரியர் ஒருவரின் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர் பள்ளியின் கட்டுப்பாட்டுக்கும் சம்மதித்தவரே என்று அந்நீதிமன்றம் கொண்டது. இத்தீர்ப்பு 1949-ம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் வெளியாயிற்று. ஆக, பிரம்புக்கு அரணாக நின்றது நம்முடைய மௌனந்தான்.

அப்பொழுதும் வரம்பு இல்லாமற் போகவில்லை. எலும்பு முறிவது, பல் விழுவது, பார்வையோ செவியோ நிரந்தரமாகப் போவது போன்ற கொடுங்காயத்தை வேண்டுமென்றே விளைவித்தவரை அப்பிரிவு காப்பாற்றவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-வது பிரிவிலும் இதே விதியும் இதே வரம்பும் இருக்கின்றன.

2. சம்மதத்தை மறுத்த தாய்மார்

ஸ்காட்லாந்து தேசத்திலே இரண்டு தாய்மார் இந்தச் சம்மதத்தைத் தர மறுத்தார்கள். ஒருவருடைய மகன் படித்தது கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி. என் மகனைத் தோல்வாரினால் அடிப்பதில்லை என்று உறுதி சொல்லுங்கள் என அத்தாய் கேட்டார், அதிகாரிகள் மறுத்தார்கள். மற்றொருவருடைய மகன் அடிவாங்க மறுத்துப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டான். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 1982 பிப்ரவரி 25-ந் தேதி தாய்மார் பக்கம் தீர்ப்பாயிற்று. அந்தப் பிள்ளைகள் இருவர்மேலும் ஓர் அடிகூட விழுந்ததில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1987-ல் பிரிட்டனின் அரசுப் பள்ளிகளிலிருந்து அடி சட்டப்படி விலக்கப்பட்டது.

3. நம் நாட்டில் இன்று

பள்ளிகளிற் பிரம்படியை அனுமதித்திருந்த தில்லி விதியை, 2000 டிசம்பர் 1-ந் தேதி தில்லி உயர்நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானதென்று தள்ளிற்று. தமிழ்நாடு 2003-ல் தன் கல்வி விதிகளைத் திருத்தி, மாணவரை உடலாலும் மனத்தாலும் வருத்தும் தண்டனைகளை விலக்கியது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தருவதைத் தடுக்கிறது. மீறுகிற ஆசிரியர்மேல் துறை நடவடிக்கை வரும்.

துறை நடவடிக்கையோடு முடிவதில்லை. வேண்டுமென்றே காயம் விளைவித்தால் நியாய சன்ஹிதாவின் 115-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற துன்பம் விளையும்படி கொடுமை செய்தால், 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. பிள்ளைகளைப் பாதுகாக்கும் நிறுவனத்தின் ஊழியரே அப்படிச் செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவல்.

சாதியின் பேரால் இழிவு செய்தால் 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்துப் பள்ளியொன்றில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ விட்டார்கள் என்று ஒரு தாய் புகார் கொடுக்க, தலைமை ஆசிரியை கைதானார். பாலியல் துன்பமானால் 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் உண்டு. அதை அறிந்தவர் எவராயினும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மூடிமறைப்பதும் குற்றம்.

4. நம்முடைய பள்ளிக்கு விலக்கு உண்டா?

இக்கேள்வியை நாம் தவிர்க்கலாகாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் செல்லாதென்று 2014 மே 6-ந் தேதி உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அது சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் ஐயங்கொண்டு, மேலும் பெரிய அமர்வு ஆராயவேண்டுமெனக் கேட்டனர். எப்படியாயினும் விலக்கு அந்த ஒரு சட்டத்துக்கு மட்டுமே. நியாய சன்ஹிதா, இளைஞர் நீதிச் சட்டம், போக்சோ இவையெல்லாம் எல்லாப் பள்ளியின் வாசலையும் ஒன்றுபோலவே தாண்டும். பள்ளி நம்முடையது, பெயர் கெட்டுவிடும் என்று பிள்ளையின் வாயை அடைத்தால், பள்ளியின் பெயரைப் பிள்ளையின் செலவிலே காப்பாற்றுகிறோம். பிள்ளையை மதிக்கும் பள்ளியின் பெயரை ஒரு விசாரணை கெடுத்துவிடாது.

5. வழக்கு யாருடையது?

பதினெட்டு வயது நிரம்பாதவர் நஷ்டஈடு கேட்டு உரிமை வழக்குத் தொடுக்கும்போது, தகப்பனோ தாயோ மற்றொருவரோ துணைநின்று பிள்ளையின் பெயராலேயே தொடுக்க வேண்டும். வழக்கு பிள்ளையுடையது, நாம் துணை மாத்திரம். குற்றப் புகாரையோ எவரும் கொடுக்கலாம், பிள்ளையே கொடுக்கலாம்.

அண்டை நாடான இலங்கையிலே பதினைந்து வயது மாணவன் ஒருவனை ஆசிரியர் கன்னத்தில் அறைய, அவனுடைய செவி கெட்டது. அவனும் பெற்றோரும் நேரே உச்சநீதிமன்றம் சென்றார்கள். கொடிய, இழிவான தண்டனைக்கு ஆளாகாதிருக்கும் அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2021 பிப்ரவரி 12-ந் தேதி தீர்ப்பாயிற்று. ஆசிரியர் தம் கையிலிருந்து 1,50,000 ரூபாயும், அரசு 5,00,000 ரூபாயும் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

6. எது வழக்காகாது?

நியாயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. பாடம் படிக்காத பிள்ளையை ஆசிரியர் கண்டித்தால், மதிப்பெண் குறைத்தால், பெற்றோரை அழைத்துவரச் சொன்னால் அது கொடுமையன்று. இராஜஸ்தானில் ஒரு மாணவனின் மரணத்தை ஒட்டி ஆசிரியர்மேல் தொடுத்த வழக்கை 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஒழுங்குக்காகக் கண்டித்தது மட்டும் தற்கொலைக்குத் தூண்டியதாகாதென்றும், காரணமின்றி இடைவிடாமல் வதைப்பது வேறென்றும் அது தெளிவாக்கியது. பகைதீர்க்கப் பொய்ப்புகார் கொடுப்பவர் நல்லாசிரியருக்கு மட்டுமல்ல, மெய்யாகவே துன்புறும் அடுத்த பிள்ளைக்கும் தீங்கு செய்கிறார்.

7. செய்யவேண்டியவை

முதலாவது, பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமற் கேளுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தவர் யாவர் என்று அன்றே எழுதிவையுங்கள்.

இரண்டாவது, காயமிருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எப்படி வந்த காயம் என்பதை மறையாமற் சொல்லிச் சீட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, தலைமை ஆசிரியருக்கு எழுத்திலே புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதிலில்லாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பாலியல் துன்பமானாலோ கொடுங்காயமானாலோ இந்தப் படிகளுக்குக் காத்திராமல் நேரே போலீசிடம் செல்லுங்கள்.

நான்காவது, போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்தால் ரசீது கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசம். ஏற்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். நகரி, புத்தூர்ப் பக்கம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவோர் கவனிக்க: போலீஸ் நேரே விசாரிக்கக்கூடிய குற்றமானால், அது எல்லைக்கு அப்பால் நடந்ததென்று சொல்லி எந்த நிலையமும் திருப்பியனுப்பக் கூடாது.

ஐந்தாவது, மூன்று தொலைபேசி எண்களைச் சுவரிலே எழுதிவையுங்கள்: குழந்தைகளுக்கு 1098, தமிழ்நாட்டுப் பள்ளி மாணவருக்கு 14417, சட்ட உதவிக்கு 15100. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்கு, வருமானம் பாராமல், இலவச வக்கீல் உண்டு.

வீட்டில் பேசிப் பார்க்க

பள்ளியில் நடந்ததை நம் பிள்ளை அச்சமின்றி நம்மிடம் சொல்லுமா? சொல்லாதெனில், அது அஞ்சுவது ஆசிரியரையா, நம்மையா?

பள்ளிக்கு நாம் இதுவரை கொடுத்துள்ள சம்மதம் என்ன? அதில் எதைத் திரும்பப் பெறவேண்டும்?

அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தீங்கென்று தெரிந்தால், நாம் முதலில் யாரிடம் போவோம்?

இம்மூன்றுக்கும் இன்றிரவே, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, பதில் தேடுங்கள்.