செனட்டர் கடிதம் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் ஒரு மணி நேரம் பேசினாள். தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவருக்கு செனட்டர் அலுவலகத்தில் ஆள் தெரியுமாம், சொன்னால் உன் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைக்குமாம். வேண்டாம் என்றேன். அவளுக்கு மனசு ஆறவில்லை. விண்ணப்பம் உன்னுடையது என்பதால் காரணத்தை உனக்கே எழுதுகிறேன்.

செனட்டர் உன்னைப் பார்த்ததே இல்லை. நல்ல பெண், நன்றாகப் படிப்பாள் என்பதற்கு மேல் அவரால் என்ன எழுத முடியும்? எம்.ஐ.டி. கேட்பது உனக்குப் பாடம் எடுத்த இரண்டு ஆசிரியர்களின் கடிதம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் பெரும்பாலான பிள்ளைகளிடம் சிபாரிசுக் கடிதமே கேட்பதில்லை. வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ் மாதிரி ராணுவக் கல்லூரிக்குப் போவதென்றால் செனட்டர் போன்ற காங்கிரஸ் உறுப்பினரின் நாமினேஷன் பெரும்பாலும் வேண்டும். உனக்கு அந்த எண்ணம் இல்லை.

செல்வாக்கு எங்கேயும் பலித்ததில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நம் இல்லினாய் பல்கலைக்கழகத்திலேயே பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. 2009-இல் அது அம்பலமாகி, தலைவரும் சான்சலரும் பதவி விலகினார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் குறைந்தது 64 பேர் தெரிந்தவர்கள் தயவில் தகாத வழியில் இடம் வாங்கியதை 2020-இல் மாநிலத் தணிக்கை கண்டுபிடித்தது. அந்த 64 இடமும் வேறு யாரோ உழைத்துப் படித்த பிள்ளைகளுக்குப் போயிருக்க வேண்டியவை. அப்படியொரு பட்டியலில் உன் பெயர் வருவதை என்னால் தாங்க முடியாது.

கோடையில் காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை பார்த்தாயே, அது வேறு. ஆனால் காங்கிரஸ் அலுவலகம் என்ற பெயருக்காக யாரும் இடம் தரப்போவதில்லை. சோஷியல் செக்யூரிட்டி பணம் நின்றுபோன பாட்டி ஒருத்தி மூன்று தடவை கூப்பிட்டாள் என்றாய். அவள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வராமல் அலுவலகம் விசாரிக்க முடியாது. அவளுக்கோ அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. நீ அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, தபால்தலை ஒட்டிய உறையோடு அனுப்பினாய். அதைச் சொல்லும்போது உன் குரலே மாறிவிட்டது. காமன் ஆப் விண்ணப்பத்தில் ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல 150 எழுத்துதான் இடம், அங்கே இது அடங்காது. 650 சொல் கட்டுரையில் அந்தப் பாட்டியைப் பற்றி எழுது. பெயரை மட்டும் போடாதே.

கூடுதலாக ஒரு கடிதம் ஏற்கிற கல்லூரிகளுக்கு, தொகுதி அலுவலகத்தில் உன் பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்த பெண்மணியிடம் கேள். அவர் பதவி சின்னதாக இருக்கட்டும். ஆசிரியர் கடிதத்துக்கு உன் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் இந்த வாரமே பேசிவிடு. முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான கடைசி நாளான நவம்பர் 1 நெருங்க நெருங்க அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். முதல் வரைவை எழுதியதும், எப்படி இருந்தாலும், எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா