கதை எழுத ஏற்ற இடம் எது?

கதை எழுத ஆசைப்படும் நம் சங்க அன்பர்கள் பலர் சொல்லும் குறைகள் மூன்று. சொந்த ஊரை விட்டு வந்துவிட்டதால் எழுத விஷயம் இல்லை. அமைதியாக உட்கார இடம் இல்லை. வேலைத் தொல்லையில் மனம் ஒன்றவில்லை. தமிழின் சிறந்த எழுத்தாளர்கள் மூவரை முன்வைத்து இக்குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விஷயம். நாஞ்சில் நாடன் குமரி மாவட்டத்திலிருந்து 1972-இல் வேலைக்காகப் பம்பாய் சென்றவர். 1977-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்', நாஞ்சில் நாட்டுக் குடும்ப வாழ்க்கையை அம்மண்ணின் பேச்சிலேயே சொல்கிறது. ஊரிலேயே இருப்பவருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதவை, பிரிந்து வந்தவருக்குத் துல்லியமாக நினைவில் நிற்கும். பிறகு 'மிதவை'யில், வேலை தேடிப் பம்பாய்க்கு வரும் இளைஞனைப் பற்றி எழுதினார். விட்டு வந்த ஊர், வந்து சேர்ந்த ஊர் என்று நமக்கும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன.

அடுத்து இடம். அசோகமித்திரன் செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்து, 1952-இல் சென்னையில் குடியேறியவர். தனி எழுத்தறை என்ற வசதி அவருக்கு இல்லை. தியாகராய நகரில் வீட்டருகே இருந்த பூங்காவில் உட்கார்ந்தும் எழுதியிருக்கிறார். 1948-இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த காலத்தைச் சொல்லும் '18வது அட்சக்கோடு' நாவலாக வெளிவந்தது 1977-இல்; ஊரை விட்டு 25 ஆண்டுகளுக்குப் பிறகு! மலைவாசஸ்தலமும் கடற்கரை பங்களாவும் கிடைத்தால் நல்லதுதான். கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தொல்லை. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர் ஆ. மாதவன். எழுதுகிறவனுக்குக் கடையைவிடத் தொல்லையான இடம் உண்டா? நிமிடத்துக்கொருவர் வந்து விலை கேட்பார்கள். ஆனால் அந்தத் தெருவின் சுமைதூக்கிகளும் சில்லறை வியாபாரிகளும் போக்கிரிகளும்தான் அவருடைய கதைமாந்தர்கள் ஆனார்கள். 'கடைத்தெருக் கதைகள்' என்றே ஒரு தொகுப்பும் வந்தது. 2015-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஆகவே தொல்லைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனிதர்களை நம்மிடம் கொண்டுவரும் தொல்லை ஒன்று: பக்கத்து வீட்டுக்காரர், ரயில் நெரிசல், அலுவலகச் சண்டை. இவை கதைக்கு மூலதனம். மனிதர்களிடமிருந்து நம்மைப் பிரிக்கும் தொல்லை மற்றொன்று: தொலைக்காட்சி, செல்பேசி. எழுதும் நேரத்தில் இவற்றை மட்டும் அணைத்து வைத்தால் போதும்.

இனி, பயிற்சிக்கு மூன்று யோசனைகள்:

1. தினமும் ஒரே நேரத்தில் அரை மணி உட்காருங்கள். சமையலறை மேஜையானாலும் சரி. எழுத்து வராத நாளிலும் எழுந்து போகாதீர்கள்.

2. அன்று காதில் விழுந்த ஒரு பேச்சைச் சொன்னவர் சொன்னபடியே குறித்து வையுங்கள். உள்ளூர் மொழி கலந்த தமிழாக இருந்தால் திருத்த வேண்டாம். அதுதான் இங்குள்ள தமிழர் பேச்சு.

3. கதையை முடிக்கும்வரை திருத்தாதீர்கள். முடித்து ஒரு வாரம் கழித்து உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தில் பேனாவை வையுங்கள்.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, தகரப் பெட்டியோடு ரயிலேறி வந்த நம் முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில் வாடகைக்கு அறை தேடியதும், மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு மணியார்டர் செய்ததும் அவர்களோடு போய்விடக்கூடாது. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், எழுதுவதில்லை. நாம் எழுதாவிட்டால் நமக்காக வேறு யார் எழுதப்போகிறார்கள்?

இந்த வாரமே தொடங்குங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், இந்நகரத்தில் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டைப் பற்றிக் கேட்டு, ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்.