ஹார்ட் டிஸ்க் சுட்டால் செத்துவிடுமா?

பென்னாகரத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு தொங்கும் கடைகளில், காலையில் திறந்த லேப்டாப்பை ஷட்டர் இறக்கும்வரை யாரும் அணைப்பதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்கூட தமிழகத்தில் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். சித்திரை வெயிலில் கீபோர்டுக்குக் கீழே கை ஊன்றும் இடம் சூடேறியதும் பயம் வந்துவிடுகிறது: “டிஸ்க் போயிடும், அணைச்சு வை!”

கைக்குச் சுடுவதெல்லாம் டிஸ்க்குக்கு ஆபத்தல்ல. லேப்டாப் டிஸ்க்குகளை இயங்கும்போது 55 அல்லது 60 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படிதான் தயாரிக்கிறார்கள். 40 முதல் 45 வரை அன்றாடச் சூடு. 50-ஐத் தாண்டினால் காற்றுத் துளையில் அடைத்த தூசியைத் தட்டலாம், மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றலாம். 60-ஐத் தொட்டால் அணைத்துவிடுவதே நல்லது. திரையில் தெரியும் 80 டிகிரியைப் பார்த்து அலறுபவர்கள், அது பிராசஸரின் எண்ணா டிஸ்க்கின் எண்ணா என்று முதலில் பார்க்க வேண்டும். பிராசஸருக்கு 80 வேலை நேரத்துச் சூடு.

“எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு ஆயுள்” என்பதும் நிற்கவில்லை. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் பதிவுகளை அலசினார்கள். அவை டேட்டா சென்டர் டிஸ்க்குகள், லேப்டாப்புடையவை அல்ல. ஆனாலும் முடிவு வியப்பானது: 30 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து கிடந்தவைதான் அதிகம் பழுதாயின. மூன்று ஆண்டுகளைக் கடந்த டிஸ்க்குகளில்தான் 45-க்கு மேற்பட்ட சூடு தெளிவாகத் தொல்லை கொடுத்தது. டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் கவனிக்க: வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் தேய்ந்துவிடும் என்கிறார்களே? சுழற்சியைவிட டிஸ்க்கின் தலை அடிக்கடி ஓரம் கட்டுவதுதான் கணக்கில் ஏறுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலையில்லாத நேரத்தில் அந்தத் தலை தட்டிலிருந்து விலகி நிற்கும். வேலை வந்ததும் திரும்பும். ‘டிக்’ என்று கேட்கும் மெல்லிய சத்தம் பெரும்பாலும் அதுதான். பல லேப்டாப் டிஸ்க்குகளுக்கு இதன் வரம்பு 6 லட்சம் முறை. நிமிடத்துக்கு இரண்டு முறை என்றால் ஒரு நாளைக்கு 2,880. ஏழு மாதத்தில் வரம்பு தீர்ந்தது. 2007-இல் உபுண்டு என்ற இயங்குதளத்தின் பயனர்கள் இதற்காகவே கொதித்தெழுந்தார்கள். பவர் அமைப்பைத் தளர்த்தினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கி ‘டொப்’பென்று வைப்பதுதான் சூட்டைவிடப் பெரிய எமன்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் சூடு முதலிலேயே தெரியும். அதோடு மூடிவிடாதீர்கள். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக எத்தனை மாற்று இடங்கள் செலவாயின என்று காட்டும் வரியையும் பாருங்கள். கூகுள் ஆய்வில், அந்த எண்ணிக்கை முதன்முறை ஏறிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 14 மடங்கு. அது பூஜ்ஜியத்தைத் தாண்டிவிட்டால், சூடு 38 என்றே காட்டினாலும், அன்றைக்கே ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.