தலைவியின் உழைப்புக்கும் கணக்கு உண்டு



பத்து ஆட்கள் ஒரு சுவரை 6 நாளில் கட்டினால், பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவர்? நான்கு நாள் என்று நாம் அனைவரும் உடனே விடை சொல்லிவிடுவோம். ஆனால் அந்தக் கணக்கில் மேஸ்திரி எங்கே? செங்கல் வந்ததா, சிமென்ட் போதுமா, இன்று எத்தனை பேர் வரவில்லை என்று காலை முதல் மாலை வரை அலைகிறவர் அவர்தாமே? நமது கணக்குப் புத்தகம் அவரைக் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதனால் நேர்ந்ததையும், பிறகு கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

நூலகப் புத்தகங்களைத் தேடுவதற்கு ஒரு சிறு கணினி நிரல் எழுத எங்கள் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்தோம். வேலை மொத்தம் 72 மணி நேரம் என்று மதிப்பிட்டோம். சனிக்கிழமைதோறும் ஒருவருக்கு 3 மணி நேரம் என்றால் வாரத்திற்கு 18 மணி. ஆகவே நான்கே வாரம்! வகுத்துப் பார்த்து மகிழ்ந்தோம்.

ஐந்தாம் சனிக்கிழமையும் வேலை முடியவில்லை. ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடும் பகுதி எங்கள் குழுத் தலைவியின் பங்கு, அதுதான் பாக்கி. “தலைவி என்று பெயர் மட்டும்தான்” என்று எங்களில் ஒருத்தி சொல்லிவிட்டாள். தலைவி பதில் பேசாமல் தன் நோட்டை மேசைமேல் வைத்தாள். கணினி அறைச் சாவி வாங்க 20 நிமிடம், நூலகப் பதிவேடு கேட்டு வர 35 நிமிடம், இருவர் சண்டையைத் தீர்க்க 25 நிமிடம் (அந்த இருவர் யார் என்று எழுத மாட்டோம்), வராதவளின் வேலையைப் பிறருக்குப் பிரித்துத் தர 40 நிமிடம். கூட்டினால் சரியாக 2 மணி நேரம். தன் பங்கை அவள் வீட்டில், தேர்வுக்கு முந்தைய இரவுகளில் எழுதியிருக்கிறாள். கணிதத்தில் முதன்முறையாக அவள் மதிப்பெண் குறைந்ததன் காரணம் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

எங்களில் ஒருத்தியின் அக்கா சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டோம். “இது உங்கள் தவறு மட்டுமல்ல. அஜைல் முறையில் வேலை செய்யும் இடங்களிலும் திட்ட மேலாளரின் உழைப்பை மதிப்பிடத் தடுமாறத்தான் செய்கிறார்கள்” என்று சொல்லி விளக்கினார்.

அஜைல் என்பது யாது? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் மலை விடுதியில், 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினர். முழுத் திட்டத்தையும் முதலிலேயே தீட்டிவிட்டு அதன்படியே நடப்பதைவிட, சிறிது சிறிதாகச் செய்து காட்டி மாற்றங்களை ஏற்றுக்கொள்வதே நன்று என்பது அவர்கள் கருத்து. இவ்வகையில் பெயர் பெற்றது ஸ்க்ரம் என்னும் முறை. ரக்பி விளையாட்டிலிருந்து வந்த பெயர் இது. ஸ்பிரின்ட் எனப்படும் ஒரு மாதத்திற்கு மேற்படாத காலத்துண்டுகளாக வேலை நடக்கும். வேடிக்கை என்னவென்றால், ஸ்க்ரம் வழிகாட்டியில் பொருள் உரிமையாளர், ஸ்க்ரம் மாஸ்டர், உருவாக்குநர்கள் ஆகிய மூவகையினரே உண்டு. திட்ட மேலாளர் என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை! ஆனாலும் பணக் கணக்கு, ஒப்பந்தம், பல குழுக்களை இணைப்பது இவற்றையெல்லாம் யாரேனும் பார்க்கத்தானே வேண்டும்? ஆகவே பல நிறுவனங்களில் மேலாளர் இருக்கிறார். அவர் உழைப்புக்கு மட்டும் கட்டம் இல்லை.

மொத்த உழைப்பில் நூற்றுக்கு இத்தனை என்று மேலாளருக்குப் போடுவது ஒரு வழக்கம். எங்களுக்கு அது சரியாகப்படவில்லை. எங்கள் 72 மணி வேலையையே மூன்று பேர் செய்தால் எட்டு வாரம் ஆகும். நூற்றுக் கணக்கில் தலைவியின் பங்கு மாறாது. ஆனால் அவள் எட்டு சனிக்கிழமையும் சாவிக்கு அலைய வேண்டுமே! “வேலையின் அளவைப் பார்க்காதீர்கள்; எத்தனை வாரம் ஓடும், எத்தனை பேர் என்று பாருங்கள்” என்றார் அக்கா.

முதலில் கண்ணுக்குத் தெரியும் கூட்டங்களை எண்ண வேண்டும். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்குத் திட்டமிடும் கூட்டம் அதிக அளவு 8 மணி, மறுபார்வை 4 மணி, பின்னோக்கிப் பார்ப்பது 3 மணி என்று வழிகாட்டி வரம்பு கட்டுகிறது. இரண்டு வார ஸ்பிரின்ட்டுக்கு இவற்றில் பாதி என்று கொண்டால் ஏழரை மணி. நாள்தோறும் 15 நிமிடக் கூட்டம், பத்து நாளுக்கு இரண்டரை மணி. ஆக 10 மணி. எல்லாவற்றிலும் அமரும் மேலாளருக்கு 80 மணி நேர உழைப்பில் எட்டில் ஒரு பங்கு இதிலேயே போய்விடுகிறது.

மீதிதான் கடினம். ஐபிஎம் நிறுவனத்தில் பெரும் மென்பொருள் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய நூலில், தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்றார். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் பேச வேண்டியிருப்பது அதற்கு ஒரு காரணம். இது நாம் அறிந்த கைகுலுக்கல் கணக்கே. ஆறு பேருக்கு 15 இணைப்புகள். பத்துப் பேருக்கு 45! ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச்சு மூன்று மடங்காகிவிட்டது.

மேலாளர் வேலைக்கும் ஸ்டோரி பாயின்ட் எனப்படும் புள்ளி தரலாமா என்று கேட்டோம். கூடாதாம். புள்ளி என்பது வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும் வேலைக்கு உரியது. கூட்டம் நடத்தியதற்கும் புள்ளி போட்டால் குழுவின் வேகம் கூடியதுபோல் தாளில் தெரியும்; அவருக்கோ கூடுதலாக ஒன்றும் கிடைத்திராது. ஆகவே மேலாளரின் நேரத்தை மணியாகவே ஒதுக்கி, ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் உண்மையாக ஆனதைக் குறித்து, அடுத்ததைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பழைய கணக்கைத் திருப்பிப் போட்டோம். தலைவிக்கு 2 மணியை ஒதுக்கிவிட்டால் வாரத்திற்கு நிரல் எழுதக் கிடைப்பது 18 அன்று, 16 மணிதான். 72ஐ 16ஆல் வகுத்தால் நாலரை வாரம். அதாவது ஐந்து சனிக்கிழமை. எங்களுக்கு ஆனது ஆறு. அவள் பகுதிக்காக மற்றவர்கள் காத்திருந்த நேரமே அந்த ஆறாவது சனிக்கிழமை.

இப்போது ஆய்வுக்கூடக் கருவிகளின் பட்டியலுக்கு ஒரு நிரல் எழுதுகிறோம். திட்டத் தாளில் தலைவிக்கு முதல் கட்டம். இம்முறை தலைவி, அன்று அந்தச் சொல்லைச் சொன்னவளேதான். அவளுக்கு 2 மணி ஒதுக்கியிருந்தோம். முதல் சனிக்கிழமை முடிவில் அவள் நோட்டில் இருந்தது 2 மணி 15 நிமிடம். அடுத்த வாரக் கட்டத்தில் இரண்டேகால் என்று திருத்தி எழுதிவிட்டோம்.