வயிற்றுப்போக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்: ஆய்வகம் கற்பித்த பாடம்

சிங்கம்புணரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கோடைக்காலம் முற்றும்போது வயிற்றுப்போக்கோடு வருவோரின் எண்ணிக்கை கூடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். சென்ற கோடையில் பதினொரு மாதக் குழந்தை ஒன்றை அதன் பாட்டி தோளில் சாய்த்தபடி கொண்டுவந்தார். கண்கள் குழிவிழுந்திருந்தன, நாக்கு உலர்ந்திருந்தது, காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே நீராகாரத்தை நிறுத்திவிட்டதாகப் பாட்டி கூறினார். "தண்ணி குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டே இருக்குதுங்க அய்யா. குடுக்கலன்னா நின்னுரும்னு நெனச்சோம்" என்பது அவர் சொன்ன காரணம். நரம்பு வழியே திரவம் செலுத்திய சில மணி நேரத்தில் குழந்தை கண்விழித்து அழுதது. மூன்றாம் நாள் வீடு திரும்பியது.

பாட்டியின் எண்ணம் அறியாமையால் விளைந்தது என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கண்ணால் கண்டதைக் கொண்டே அவர் முடிவு செய்தார். குடித்த நீர் அப்படியே வெளியேறுவதுபோல் தோன்றும்போது, மேலும் குடிக்கச் சொல்வது எவருக்கும் முரணாகவே படும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களுக்கும் இதே ஐயம் இருந்தது. அதற்கு விடை கிடைத்தது உடலியங்கியல் ஆய்வகங்களில், முயல், எலி போன்ற விலங்குகளின் குடலிலிருந்து. அந்த விடையை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கல்கத்தா ஆய்வகமும் முயலின் குடலும்

காலரா நோயாளியின் மலம் அரிசி களைந்த நீரைப்போல் இருக்கும். நோயின் கிருமியை ராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். ஆயினும் அக்கிருமி எவ்வாறு உடலின் நீரை வெளியேற்றுகிறது என்பது அதன்பின் எழுபது ஆண்டுகள்வரை தெளிவாகவில்லை. பலர் கிருமியை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தனர்; மனிதருக்கு வரும் நோயைப்போல் எதுவும் தோன்றவில்லை.

கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி நோயியல் ஆசிரியராக இருந்த சம்புநாத் டே வேறு வழியில் சிந்தித்தார். நோய் குடலில் நிகழ்கிறது. எனவே கிருமியையும் குடலுக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் நிறைந்து வீங்கியிருந்தது. கிருமி செலுத்தாத பகுதி சுருங்கியே கிடந்தது. இவ்வாய்வு 1953-இல் வெளியானது. 1959-இல் அவர் மேலும் ஒரு படி சென்றார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீரைச் செலுத்தினாலும் குடல் அவ்வாறே வீங்குவதைக் காட்டினார். நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நச்சுப்பொருள் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

இந்நச்சு குடலின் உட்சுவரைக் கிழிப்பதில்லை, புண்ணாக்குவதும் இல்லை. சுவரிலுள்ள செல்களை உப்பையும் நீரையும் இடைவிடாது சுரக்கும்படி தூண்டுகிறது. குழாயின் திருகைத் திறந்தே வைத்ததற்கு இதனை ஒப்பிடலாம். நோயாளி நீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அத்திருகு திறந்தே இருக்கும். வெளியேறும் நீரில் பெரும்பகுதி உடலிலிருந்து சுரப்பது. ஆகவே குடிப்பதை நிறுத்தினால் போக்கு நிற்காது. இழப்பை ஈடுசெய்யும் வழி மட்டுமே அடைபடும்.

ஆய்வகத்தில் ஒரு நாள்

நீரை வெளியேற்றும் குடலால் அதே நேரத்தில் நீரை உறிஞ்சவும் முடியுமா என்பது அடுத்த வினா. இதற்கான விடையைத் தேடியவை பல்கலைக்கழக உடலியங்கியல் ஆய்வகங்கள்.

அத்தகைய ஆய்வகத்தின் பணி அதிகாலையில் விலங்கு இல்லத்தில் தொடங்கும். எலிகள் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சத்திலும் பன்னிரண்டு மணி நேரம் இருளிலும் வளர்க்கப்படும். கூண்டு, தீவனம், நீர், அறையின் வெப்பம் யாவும் நாள்தோறும் பதிவு செய்யப்படும். விலங்கு அச்சத்திலோ நோயிலோ இருந்தால் அதன் குடலும் இயல்பாக இயங்காது, அளவீடு பயனற்றதாகும். ஆகையால் விலங்கைப் பேணுவோரே அங்கு முதல் ஆய்வாளர் எனலாம்.

மயக்கமருந்து தந்தபின் எடுக்கப்படும் குடல் உடனே உப்புக் கரைசலில் இடப்படும். 1954-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் வில்சன், வைஸ்மன் ஆகிய இருவரும் எளிய முறையொன்றை விவரித்தனர். தலையணை உறையைப் புறம் திருப்புவதுபோல், சிறுகுடலை மெல்லிய கோலின்மீது உள்வெளியாகப் புரட்டி, இருமுனையும் கட்டிப் பையாக்கினர். அப்பையை உடல் வெப்பத்தில் வைத்து உயிர்வளியைச் செலுத்தினால், குடல் சிறிது நேரம் உயிரோடு இருந்து, வெளியிலுள்ள சர்க்கரையை உள்ளே இழுக்கும். எவ்வளவு இழுத்தது என்பதை அளக்கலாம். குடல் உயிரோடிருக்கும் அச்சிறு பொழுதுக்குள் அளவீட்டை முடித்தாக வேண்டும் என்பதால், உணவு வேளை வந்தாலும் ஆய்வாளர் இடம்விட்டு எழ இயலாது.

இத்தகைய பொறுமையான அளவீடுகளிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. 1958-இல் ரிக்லிஸ், குவாஸ்டல் ஆகியோர் கினிப்பன்றியின் குடலில், சோடியம் உப்பு இல்லையேல் சர்க்கரை உறிஞ்சப்படுவது குன்றுவதைக் கண்டனர். 1960-இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் இதற்கு விளக்கம் தந்தார். குடற்செல்லின் வாயிலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே நுழைகின்றன; ஒன்று தனியே வந்தால் கதவு சரிவரத் திறப்பதில்லை. இரண்டும் நுழைந்ததும் நீர் அவற்றைப் பின்தொடர்கிறது.

காலரா நச்சு இந்தக் கதவைப் பாதிப்பதில்லை. திருகு ஒருபுறம் திறந்திருந்தாலும் கதவு மறுபுறம் வேலை செய்கிறது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீர் அதன் வழியே உடலுக்குள் செல்லும். பாட்டியின் வினாவுக்கு இதுவே விடை.

முகாமில் கிடைத்த சான்று

1968-இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் காலரா நோயாளிகளுக்கு இக்கரைசலை வாய்வழியே தந்து அதன் பயனை நிறுவினர். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கலந்து பொட்டலமிட்டு, கரைத்துக் கொடுக்கும் முறையை நோயாளிகளின் உறவினருக்கே கற்பித்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அங்கே உயிர்காத்த கைகள் பெரும்பாலும் தாய்மார், சகோதரர், அண்டை வீட்டாருடைய கைகள் என்பதை உடனிருந்து பேணுவோர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

வேலூரிலிருந்து ஒரு முன்னேற்றம்

"கரைசல் கொடுத்தும் போக்கு நிற்கவில்லையே" என்ற குறை நியாயமானது. கரைசல் உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும். போக்கின் அளவைப் பெரிதாகக் குறைக்காது. அதனாலேயே பலர் நம்பிக்கை இழந்து பாதியில் நிறுத்துகின்றனர்.

இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள். எலியின் பெருங்குடலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பைண்டர் முதலியோர் செய்த ஆய்வு (1989), சிறு கொழுப்பு அமிலங்கள் அங்கே உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுவதைக் காட்டியிருந்தது. சிறுகுடலில் செரிக்காத மாச்சத்து பெருங்குடலை அடைந்தால், அங்குள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அதனை இவ்வமிலங்களாக மாற்றும். எனவே அத்தகைய மாச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் பெருங்குடலும் நீரை மீட்கத் துணைநிற்கும் என்று கருதி, பைண்டரும் இணைந்த இக்குழு காலரா நோயாளிகள் 48 பேரிடம் சோதித்தது. வழக்கமான கரைசல் பெற்றவர்களைவிட, லிட்டருக்கு 50 கிராம் செரியா மக்காச்சோள மாவு சேர்த்த கரைசல் பெற்றவர்களுக்குப் போக்கின் அளவும் நீடித்த நேரமும் குறைந்தன. இம்முடிவு 2000-ஆம் ஆண்டு வெளியானது. எலியின் குடலில் கண்டது நம் மாநிலத்து நோயாளிக்குப் பயன்பட்ட நேரடிச் சான்று இது.

விலங்குகளுக்கு நாம் பட்ட கடன்

இவ்வறிவு விலங்குகளின் உயிரால் கிடைத்தது. அதனை மறைத்துப் பேசுவது முறையன்று. டே தம் இரண்டாவது ஆய்வை வெளியிட்ட அதே 1959-இல் ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவர் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: இயன்ற இடத்தில் விலங்கைத் தவிர்த்து மாற்றுவழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு இவ்வாய்வுகளைக் கண்காணிக்கிறது; நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலின்றி எந்த ஆய்வும் தொடங்க இயலாது. மாணவப் பருவத்தில் தவளையின் தசையில் நாங்கள் செய்த பயிற்சிகள் இன்று பெரிதும் கணினித் திரைக்கு மாறிவிட்டன. அம்மாற்றத்தை வரவேற்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மருந்தகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்குங்கள். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்தது என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். அதில் அச்சிட்டுள்ள அளவு காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே முறையில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப்பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

2. பொட்டலம் கிடைக்காதபோது, 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைக்கலாம். கரண்டி தலைதட்டியதாக இருக்க வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். குளிர்பானம், பெட்டியில் அடைத்த பழச்சாறு, வெறும் குளுக்கோஸ் மாவு ஆகியவை ஓ.ஆர்.எஸ்.-க்கு மாற்று ஆகா.

3. ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள்.

4. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்பிட்ட அரிசிக்கஞ்சி, மோர், இட்லி ஆகியவை நல்லவை. பழைய சோற்று நீர் ஊறவைத்த தண்ணீரின் தூய்மையைப் பொறுத்தது; நோயுற்ற குழந்தைக்குப் புதிதாக வடித்த கஞ்சியே பாதுகாப்பானது.

5. குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் துத்தநாக மருந்தைப் போக்கு நின்றபின்பும் 10 முதல் 14 நாள்வரை முழுமையாகக் கொடுங்கள்.

6. நீரிழிவு, சிறுநீரகம், இதயம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் வயிற்றுப்போக்கின்போது எவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், எவ்வளவு நீர் பருகலாம் என்பதை உடனே எங்களிடம் கேளுங்கள். தாமாக முடிவு செய்ய வேண்டா.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

குழிவிழுந்த கண்கள், குடிக்க இயலாத சோர்வு, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இன்மை, மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, கடும் காய்ச்சல், கிள்ளிவிட்ட தோல் மெதுவாகத் திரும்புதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வரும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

அந்தப் பாட்டி வீடு திரும்பும் நாளில் எங்களிடம் ஐந்து பொட்டலங்கள் கேட்டு வாங்கிச் சென்றார். ஒன்று பேரனுக்கு, மற்ற நான்கும் தெருவிலுள்ள பிள்ளைகளுக்கு என்றார்.