"வரும்போது பார்த்துக்கலாம்!" - உங்கள் வீட்டுக்காரரும் இப்படித்தானா?

ஐப்பசி மாதம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று டி.வி.யில் சொல்லி முடித்த நேரம். உங்களுக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

"என்னங்க... அத்தையோட இன்சுலின் இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும். டார்ச்சுல பேட்டரி இல்லை. ரெண்டு கேன் தண்ணி கூடுதலா வாங்கி வெச்சுடலாமா?"

செல்போனிலிருந்து தலை நிமிராமலே பதில் வருகிறது: "சும்மா டென்ஷன் ஆகாதே. வரும்போது பார்த்துக்கலாம்."

அத்தோடு பேச்சு முடிந்தது. நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போகிறீர்கள். அவர் சேனலை மாற்றுகிறார். இன்சுலின் மட்டும் நாலு நாளிலிருந்து மூணு நாளுக்கு இறங்குகிறது.

இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் உண்டு என்றால், தொடர்ந்து படியுங்கள்.

அவர் ஏன் மறுக்கிறார்?

அக்கறை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது, 'இதுவரை ஒண்ணும் ஆகலையே' என்ற எண்ணம். மனித மனசு நேற்று மாதிரியேதான் நாளையும் இருக்கும் என்று நம்பிவிடும். ஆனால் வறண்ட பூமி என்று பெயரெடுத்த தூத்துக்குடி மாவட்டத்தில், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முந்தின நாள் வரை அங்கேயும் எத்தனை பேர் 'நம்ம ஊர்ல அதெல்லாம் வராது' என்று சொல்லியிருப்பார்கள்!

இரண்டாவது, அபசகுனம். "நல்ல நாளும் அதுவுமா ஏன் வாயால சொல்றே?" என்பார். இவரிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை. "உங்க பாட்டி ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி விறகு, வறட்டி, வத்தல், வடகம் எல்லாம் சேர்த்து வெச்சாங்களே, அது அபசகுனமா? நாம இன்ஷூரன்ஸ் கட்டறோமே, அது அபசகுனமா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நாம் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. பாட்டி செய்ததைத்தான் சொல்கிறோம்.

மூன்றாவது, காசு. மாதக் கடைசியில் நீளமான லிஸ்ட்டை நீட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நான்காவதுதான் முக்கியம். பயம்! 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலோ, 2018 கஜா புயலிலோ கஷ்டப்பட்டவர் அதை மறுபடி நினைக்கவே விரும்பாமல் இருக்கலாம். 'குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ' என்ற கவலையை வெளியே காட்டத் தெரியாமல், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அதட்டுபவர்களும் உண்டு. இவரிடம் வாதம் வேண்டாம். "அன்னிக்கு நாம ரொம்பத் தவிச்சுப்போயிட்டோம்ல?" என்று ஆரம்பித்துவிட்டு, அவரைப் பேச விடுங்கள்.

எப்படிப் பேசுவது?

நேரம் முக்கியம். ஆபீசிலிருந்து வந்ததும் வேண்டாம். புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்து, இரண்டாவது காபி கையில் இருக்கும் நேரம் உத்தமம்.

பொருளில் ஆரம்பிக்காதீர்கள், ஆளில் ஆரம்பியுங்கள். "டார்ச் வாங்கணும்" என்பதைவிட, "மூணு நாள் கரண்ட் இல்லேன்னா உங்க அம்மாவோட இன்சுலினை எங்கே வைக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அவர் யோசித்துச் சொல்லும் யோசனை அவருடைய திட்டம். அதை அவரே நடத்திக் காட்டுவார்.

அவருக்குப் பிடித்த வேலையை அவரிடமே கொடுங்கள். மெயின் ஸ்விட்ச், இன்வெர்ட்டர், வண்டிக்குப் பெட்ரோல், பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடுவது... எது ஒத்துவருமோ அது. மருந்தும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு.

ஒரேயடியாக வாங்க வேண்டாம். மாதச் சாமானோடு ஒரு பாக்கெட் அவல், ஒரு பாக்கெட் பிஸ்கெட் கூடுதலாக வாங்குங்கள். பழையதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டே வந்தால் எதுவும் வீணாகாது.

ஒன்று மட்டும் சொல்லவே கூடாது: "நான் அப்பவே சொன்னேன்ல?" இந்த ஒரு வாக்கியம் போட்ட உழைப்பையெல்லாம் கெடுத்துவிடும்.

ஒரு சின்ன ஒத்திகை

பேசியும் மசியவில்லையா? ஒரு ஞாயிறு சாயங்காலம், அவரிடம் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் மெயினை அணையுங்கள். பிள்ளைகளிடம் விளையாட்டு என்று சொல்லுங்கள். டார்ச்சை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்? அது எரிகிறதா? பாட்டியின் மாத்திரை டப்பா இருட்டில் கைக்குக் கிடைக்கிறதா? உள்ளே பேட்டரி கசிந்து டார்ச் பாழாகியிருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால், நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

முதலில் மருந்து

நீண்ட நாள் மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், குறைந்தது ஒரு வார மருந்து எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். வலிப்பு, ரத்த அழுத்தம், இதய நோய் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வீஸிங் உள்ளவர்களுக்கு இன்ஹேலர் ஒன்று கூடுதலாக வேண்டும். டயாலிஸிஸ் செய்துகொள்பவர் என்றால், மழைக்காலத்தில் எங்கே, எப்படிப் போவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பிரிக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைப் பொதுவாக நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில், 30 டிகிரியைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை அதன் அட்டையிலும் டாக்டரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். கரண்ட் போனால், மூடிய டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாமல் நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

வீட்டில் இருக்க வேண்டியவை

* தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு, மீதி பாட்டில்களில். சந்தேகம் வந்தால் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலக்க வேண்டும்.
* அடுப்பு தேவைப்படாத உணவு: அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கெட்.
* டார்ச், பேட்டரி (தனியாகக் கழற்றி வையுங்கள்), பவர் பேங்க்.
* கொஞ்சம் ரொக்கம், சில்லறையாக. கரண்டும் டவரும் போனால் செல்போனில் பணம் அனுப்ப முடியாது.
* ஒரு தாளில்: ஒவ்வொருவரின் மருந்துப் பெயர், அளவு, ரத்த வகை, முக்கியமான போன் நம்பர்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, தீயணைப்பு 101, கேஸ் கசிவு 1906, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மெயினை அணையுங்கள். சிலிண்டரை மூடிக் கட்டி வையுங்கள். ஈரக்கையால் அல்லது தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடவே கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, உயிரைப் பறித்துவிடும்.

கோடு போட்டு வையுங்கள்

இதைத்தான் பல தம்பதிகள் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது "போகலாம்", "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால் பொன்னான நேரம் போய்விடும். இப்போதே, வெயில் அடிக்கும்போதே, இருவரும் வாசலுக்குப் போய்ப் பேசி முடிவு செய்யுங்கள்: 'தண்ணீர் இந்த இரண்டாவது படியைத் தொட்டால், பேச்சே கிடையாது, அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.' யார் வீட்டுக்கு என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். 'வெளியேறுங்கள்' என்று அதிகாரிகள் சொல்லிவிட்டால், படிக்கணக்கு பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

மறுப்பது மனைவி என்றால்?

அதுவும் உண்டு. "இருக்கிற இடத்துல இதை எங்கே வைக்கிறது? கரப்பான்பூச்சிதான் வரும்" என்பார். கணவர்களே, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேட்காமல் மூட்டை மூட்டையாக வாங்கி வந்து இறக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட ஒரே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் அடங்குவது மட்டும் போதும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. ஒரு வார இன்சுலின், எரிகிற ஒரு டார்ச், இரண்டு கேன் தண்ணீர்... இதில் ஆரம்பியுங்கள். மழை வராமலே போனால்? ரொம்ப நல்லது. அவலை உப்புமா கிளறி, இரண்டு பேருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்!